காலி வண்டிக்கு ஏழு

நான் எட்டாவது வரை படித்தவன். அதற்கு மேல் ஏன் படிக்கவில்லை என்று கேட்டால் வாத்தியார் தலையில் பழியைப் போடுவேன், நம்ப வேண்டாம். முப்பத்தெட்டு வருஷம் லாரி எடை போடும் மேடையில் உட்கார்ந்து சீட்டு எழுதினேன். சரக்கோடு வண்டி ஏறினால் மொத்த எடை. சரக்கை இறக்கிவிட்டு வந்து ஏறினால் காலி எடை. அதிலிருந்து இதைக் கழித்தால் சரக்கு எடை. எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான். இந்த மூன்று வரியை ஒழுங்காக எழுதவிடாமல் செய்ய டிரைவர்கள் படாத பாடு பட்டார்கள். காலி வண்டி என்று சொல்லிவிட்டுப் படுதாவுக்கு அடியில் நாலு ஆளைப் படுக்க வைத்திருப்பான் ஒருவன். இன்னொருவன் பின்சக்கரத்தை மேடைக்கு வெளியே விட்டுவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான். அதிலே எனக்கு ஒரு பழக்கம் வந்துவிட்டது. யார் என்ன பேசினாலும் சக்கரம் எங்கே நிற்கிறது என்று பார்ப்பேன். பழக்கம் என்று நான் சொல்கிறேன். வீட்டில் அதற்கு வேறு பேர்.

வீட்டில் என்றால் நானும் என் மகளும்தான். அவள் வீடியோ கேம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் இருக்கிறாள். அங்கே உனக்கு என்ன வேலை என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். எடை பார்க்கிற வேலைதான்பா, உங்களை மாதிரி என்றாள். கிண்டல் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருஷம் நான் வேறெதுவும் கேட்கவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டாள். கேம் வெளியே வருகிறவரை அதைப் பற்றி வாயைத் திறப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்தாள். ஒன்று மட்டும் தெரியும். அவர்கள் குழுவில் ஆறு பேர். மூன்று வருஷமாக ஒரே கேம். அதற்கு மதிப்பீட்டு மன்றத்தில் நூற்றுக்கு எண்பத்தைந்து வந்தால் குழு இருக்கும். எண்பத்துநாலு என்றால் அந்த வாரமே ஆறு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதலாளி இதைச் சிரித்த முகத்தோடு சொன்னாராம்.

அந்த மன்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழு பேர் வட்ட மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, புதிதாக வருகிற கேம்களை ஆடிப் பார்த்து, விமர்சனம் எழுதி, பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார்கள். அதை நூற்றுக்கு மாற்றி வருகிற சராசரியைப் பார்த்துத்தான் ஜனங்கள் வாங்குகிறார்கள். கம்பெனிக்காரர்கள் ஆளை வைப்பதும் எடுப்பதும் அதை வைத்துத்தான். ஏழு பேரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று யாரோ குறை சொல்லப் போக, எட்டாவதாக ஒரு நாற்காலி போட்டு, வீடியோ கேம் பற்றி ஏதும் அறியாத, அறுபது கடந்த பொது ஆள் தேவை என்று விளம்பரம் கொடுத்தார்கள். நான் போனேன். இரண்டு கையாலும் பிடித்து ஆடுகிற கன்ட்ரோலர் என்ற கருப்புச் சாமானைக் கையில் கொடுத்தார்கள். தலைகீழாகப் பிடித்தேன். நடிக்கிறேனோ என்று சந்தேகப்பட்டு வாங்கித் திரும்பவும் கொடுத்தார்கள். திரும்பவும் தலைகீழாகவே பிடித்தேன். எனக்கு முன்னால் வந்த மூன்று பேரும் நேராகப் பிடித்துத் தோற்றுப் போனவர்கள்.

விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது. இந்தத் தொழிலில் உறவினர் உண்டா? மகள் என்று எழுதினேன். என்ன செய்கிறார்? தெரியாது என்று எழுதினேன். தலைவர் அதைப் படித்துவிட்டு, இந்த அளவு அறியாமை போதும் என்று பக்கத்தில் குறித்தார். அவள் செய்த கேம் வந்தால் பார்த்த உடனே கண்டுபிடித்து ஒதுங்கிக்கொள்ளலாம் என்று எனக்கு நம்பிக்கை. படுதாவுக்கு அடியில் ஆளைக் கண்டுபிடித்தவனுக்குப் பெற்ற பெண்ணின் கைவேலை தெரியாதா என்ன. மன்றத்தில் உட்காருவதை வெளியே சொல்லக் கூடாது என்று என்னிடமும் கையெழுத்து வாங்கினார்கள். மகளிடம் ஓர் ஆபீசில் கேட் பார்க்கிறேன் என்று சொன்னேன். பொருத்தமான வேலை என்றாள்.

மன்றம் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல் மாடியில் இருந்தது. கீழே பல்லைத் துளைக்கிற சத்தம் வரும்போதெல்லாம் தலைவர் பேச்சை நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்வார். அதையும் சிந்தனை என்று குறிப்பில் எழுதுவார்கள். உறுப்பினர்களில் இரண்டு பேருக்கு நான் பேர் வைத்திருந்தேன். ஒருவர் 'மூழ்கல்'. எந்தக் கேமைப் பற்றியும் 'மூழ்கடிக்கும் அனுபவம்' என்றுதான் தொடங்குவார். பாலைவனத்தில் நடக்கிற கேமிலும் மூழ்கினார். இன்னொருவர் 'முதல் பாகம்'. எதை ஆடினாலும் முதல் பாகம் போல இல்லை என்பார். ஒருமுறை, இதற்கு முதல் பாகமே கிடையாதே என்று செயலாளர் சொன்னார். அதனால்தான் இப்படி இருக்கிறது என்றார். அந்தச் செயலாளர் ஒரு நடுவயது அம்மா. விதிப் புத்தகத்தை மடியில் வைத்தே சாப்பிடுவார். அவருக்கு நான் வைத்த பேர் ரூல் அம்மா.

கேம் வரும்போது கூடவே ஒரு பெட்டி வரும். உள்ளே பொம்மை, தொப்பி, போர்வை, சிலநேரம் வாள். பாரபட்சம் இருக்கக் கூடாது என்பதற்காகக் கம்பெனி பேரின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டியிருப்பார்கள். தாள் சின்னதாகவும் பேர் பெரிதாகவும் இருக்கும். நான் பெட்டியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பேன். இரண்டு கிலோ என்றால் மார்க் ஒன்பது. ஒன்றரை என்றால் எட்டரை. மூன்று வாரத்தில் எனக்கு அத்துப்படி. விமர்சனத்தைப் படிக்காமலே மார்க்கைச் சொல்லிவிடுவேன். பெட்டி இல்லாமல் வருகிற சின்னக் கம்பெனிகளுக்கும் சிலநேரம் ஒன்பது போடுவார்கள். தங்களுக்கு ரசனை இருக்கிறது என்று காட்ட வருஷத்துக்கு நாலு அப்படித் தேவைப்பட்டது.

முதல் புதன்கிழமை நான் ஒரு கேமுக்கு மூன்று போட்டேன். எழுந்து நின்று, என் மனசாட்சிப்படி என்று சொல்லிவிட்டு மார்க்கைச் சொல்ல வேண்டும். அப்படித்தான் சொன்னேன். மூழ்கல் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார், புரையேறிவிட்டது. ஏன் மூன்று என்று கேட்டார்கள். பத்துக்கு மூன்று பங்கு நன்றாக இருந்தது என்றேன். தலைவர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஐயா, நம்ம மன்றத்துல ஏழுன்னா ரொம்ப மோசம்னு அர்த்தம். அதுக்குக் கீழ இதுவரைக்கும் யாரும் போனதில்ல."

அப்படியானால் ஒன்றிலிருந்து ஆறு வரைக்கும் எதற்கு என்றேன்.

"அது இருந்தாத்தான் நாங்க கறாரா மார்க் போடறோம்னு நாலு பேர் நம்புவாங்க."

எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஏழு என்பது காலி வண்டியின் எடை. ஒரு டப்பாவுக்குள் ஒன்றுமே வைக்காமல் அனுப்பினாலும் மேடை ஏழு காட்டும். இவர்கள் வண்டியோடு சேர்த்து எடை போட்டுவிட்டு, மொத்தத்தையும் சரக்கு என்று சீட்டு எழுதுகிறார்கள். இதைத் தலைவரிடம் சொன்னேன். அழகான உவமை என்று குறித்துக்கொண்டார். நான் மட்டும் காலி எடையைக் கழித்துவிட்டு, சரக்கை மட்டும் தனியாகப் பத்துக்கு எடை போட்டு எழுதுவது என்று தீர்மானித்தேன். இரண்டு, மூன்று, ஒருமுறை நாலு. அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. பொது ஆள் மார்க் சராசரியில் சேராது. என் விமர்சனத்திலிருந்து ஒரு வரியைப் பிடுங்கிக் கடைசியில் ஒரு சின்னக் கட்டத்தில் போடுவார்கள், அவ்வளவுதான். யார் மேலும் விழாத கல்லை எறிந்துகொண்டு, உலகத்திலேயே நேர்மையான ஆள் நான்தான் என்று தினமும் பஸ்ஸில் வீடு திரும்பினேன்.

பிறகு ஒரு பத்திரிகை கேட்டது, மன்றம் கடைசியாக எழுபதுக்குக் கீழே போட்டது எப்போது என்று. அவசரக் கூட்டம் நடந்தது. மன்றத்தின் கண்டிப்பை நிரூபிக்க, வருகிற புதன்கிழமை முதல் பொது ஆள் மார்க்கையும் சராசரியில் சேர்ப்பது என்று தீர்மானம். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கொஞ்சம் அதிகமாகவே.

அந்த வாரம் வந்தது கோப்பு எண் இருநூற்றுப் பன்னிரண்டு. பெட்டி கிடையாது, ஒரு காகித உறை மட்டும். ஒரு சரக்குப் படகில் ஒன்பது தீவுகளுக்குச் சாமான் ஏற்றிப் போகிற கேம். சாமானை எப்படி அடுக்குகிறோமோ அப்படிப் படகு போகும். நான் அதில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. பகல் பூராவும் ஆடினேன். மற்றவர்கள் இரண்டு மணி நேரம் ஆடிவிட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள், அதுதான் அங்கே வழக்கம். நான் ஒன்பது தீவுக்கும் போய், திரும்பியும் வந்தேன். ஆறு போடலாம் என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டேன். வண்டியைக் கழித்துவிட்டு ஆறு என்றால் நான் யாருக்கும் அதுவரை கனவில்கூடப் போடாத மார்க்.

ஒன்றுதான் உறுத்தியது. புறப்படுகிற துறைமுகத்தில் எடை பார்க்கிற கிழவன் ஒருவன் நிற்பான். எவ்வளவு ஒழுங்காக ஏற்றினாலும் சந்தேகப்படுவான். சாக்கைத் திறந்து காட்டு என்பான். போன தடவை சீட்டு எங்கே என்பான். நீதான் படகுக்காரன்னு எதுல இருக்கு என்பான். வணக்கம் சொன்னால், எதற்கு என்று கேட்பான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இருபது தடவை அவனிடம் மாட்டினேன். ஒரு மார்க்கை வெட்டினேன். நாலு பக்கம் எழுதிய விமர்சனத்தில் அவனுக்காக ஒரு பத்தி ஒதுக்கி இப்படி முடித்தேன்: 'இவ்வளவு மரியாதை கெட்ட, சந்தேகப் பிராணியான கிழவன் உலகத்தில் இருக்கவே முடியாது. இருந்தாலும் அவனை யாரும் வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.'

புதன்கிழமை எழுந்து நின்று, என் மனசாட்சிப்படி ஐந்து என்றேன். ஆறு பேர் ஒன்பது போட்டார்கள். முதல் பாகம் மட்டும், வழக்கமான காரணத்துக்காக, எட்டு.

அடுத்த திங்கட்கிழமை நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது மகள் கையில் போனோடு சமையலறை வாசலில் வந்து நின்றாள். நிற்கிற விதத்திலேயே தெரிந்தது. எண்பத்துநாலு என்றாள். ஒன்றுதான் குறைகிறது என்றாள். வருகிற வெள்ளிக்கிழமையோடு ஆறு பேருக்கும் வேலை முடிந்தது. ஏழு பேர் ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார்களாம், எட்டாவதாக யாரோ ஒருவன் ஐந்து போட்டிருக்கிறானாம்.

படகு கேமா என்று கேட்டேன். எப்படித் தெரியும் என்று அவள் கேட்கவில்லை, கேட்கிற நிலையில் இல்லை. சின்னக் கட்டத்தில் போட்டிருந்த ஒரு வரியை எனக்குப் படித்துக் காட்டினாள். மரியாதை கெட்ட, சந்தேகப் பிராணியான கிழவன். என் வாக்கியத்தை என் வீட்டில் என் மகள் குரலில் கேட்டேன். எழுதும்போது நன்றாக இருந்தது.

அவள் உள்ளே போன பிறகு வெங்காயத் தோலின் மேலேயே விரலால் கணக்குப் போட்டேன். ஆறு ஒன்பது ஐம்பத்துநாலு, எட்டு, ஐந்து. எட்டால் வகுத்து நூற்றுக்கு ஆக்கினால் எண்பத்துமூன்றே முக்கால், அதைத்தான் எண்பத்துநாலு என்று போட்டிருக்கிறார்கள். ஐந்துக்குப் பதில் ஆறு வைத்தால் எண்பத்தைந்து. சரியாக எண்பத்தைந்து. அந்தக் கிழவனுக்காக வெட்டிய ஒரு மார்க். நாலு தடவை போட்டேன். கணக்கு என்னிடம் தப்பாது என்று ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். அன்றைக்கும் தப்பவில்லை.

மறுநாள் மன்றம் திறக்கும் முன்பே போய் நின்றேன். மார்க்கை மாற்ற வேண்டும் என்றேன். தலைவர் என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார். மாற்ற முடியாது, அது மனசாட்சிப்படி சொன்ன மார்க், மனசாட்சி மாறுவதற்கு விதியில் இடமில்லை என்றார். அப்படியானால் எனக்கு இதில் ஒன்றும் தெரியாது, தகுதியில்லாதவன் போட்டது என்று ரத்து செய்யுங்கள் என்றேன். அதற்கு இடம் இருந்தது. தகுதியின்மையை விசாரணை வைத்து நிரூபிக்க வேண்டும்.

உடனே விசாரணை. ரூல் அம்மா கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் தெரியாது என்று சொல்வதாகத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் தீவின் படித்துறையில் எத்தனை படி என்று கேட்டார். வாய் கேட்கவில்லை. பதினேழு, அதில் ஒன்று உடைந்தது என்றேன். எண்ணெய்ப் பீப்பாயையும் உப்பு மூட்டையையும் சேர்த்து ஏற்றினால் என்ன ஆகும்? அலையில் பீப்பாய் உருண்டு மூட்டையை நசுக்கும், பீப்பாயைக் குறுக்கே போட வேண்டும் என்றேன். இப்படிப் பதினான்கு கேள்வி. தெரிந்த எடையைத் தெரியாது என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே கேள்விகளை மற்ற உறுப்பினர்களிடமும் கேட்டார்கள். முதல் தீவைத் தாண்டியவர் யாரும் இல்லை. மூழ்கல் கரையை விட்டே கிளம்பவில்லை. தகுதியின்மை நிரூபணமாகவில்லை என்று எழுதினார்கள். யாருடைய தகுதியின்மை என்று எழுதவில்லை.

கடைசியாக, அது என் மகள் செய்த கேம் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவுதான், ரத்தாகிவிடும் என்று நினைத்தேன். தலைவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"சொந்தக்காரங்க கூட்டிப் போட்டாத்தான் செல்லாது. பெத்த மகளுக்கே ஒருத்தர் அஞ்சு போட்டிருக்கார்னா இந்த மன்றத்தோட நேர்மைக்கு வேற சாட்சியே வேண்டாம். எங்களால முடியாததை நீங்க செஞ்சிட்டீங்க. நாங்கல்லாம் எங்க சொந்தக்காரங்களுக்கு ஒன்பதரை போட்டவங்க."

அதைக் குறிப்பில் ஏற்றவா என்று ரூல் அம்மா கேட்டார். கடைசி வரி வேண்டாம் என்றார் தலைவர். என் படத்தை வாசலில் மாட்ட வேண்டும் என்று மூழ்கல் முன்மொழிந்தார். அங்கேயே என்னைப் படமும் எடுத்தார்கள். சிரிக்கச் சொன்னார்கள்.

வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். கீழே யாருக்கோ பல் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ரூல் அம்மா வந்து என் பக்கத்தில் விதிப் புத்தகத்தை விரித்து வைத்து, ஒரு வரிக்கு அடியில் நகத்தால் கோடு போட்டார். விமர்சனத்தில் உண்மைக்கு மாறான ஒரு செய்தி இருப்பது சாட்சியோடு நிரூபிக்கப்பட்டால் அந்த விமர்சனமும் அதன் மார்க்கும் செல்லாது.

"நாலு பக்கத்தையும் நான் படிச்சேன். எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. ஒரே ஒரு வாக்கியம்தான் உதைக்குது. அப்படி ஒரு ஆள் இருக்கவே முடியாதுன்னு எழுதியிருக்கீங்களே" என்றார். என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்தார். அந்த அம்மாவும் ஒன்பது தீவுக்கும் போய்வந்தவர் என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

சாட்சி வேண்டும். சாட்சிக்கு ஓர் ஆளைத் தவிர எனக்கு வேறு நாதியில்லை.

வீட்டுக்கு வந்தபோது மகள் ஆபீசிலிருந்து கொண்டுவந்த அட்டைப் பெட்டியைத் தரையில் வைத்து எதிரே உட்கார்ந்திருந்தாள். ஒரு கோப்பை, ஒரு செருப்பு, சுவரில் ஒட்டியிருந்த படங்கள். நின்றபடியே சொன்னேன்.

"அந்த அஞ்சு போட்டது நான்தான்மா."

சிரித்தாள். எனக்குத் தமாஷ் செய்ய வராது என்பது ஞாபகம் வந்ததும் சிரிப்பு நின்றது. கேட் பார்க்கிற வேலை, மன்றம், தலைகீழ் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். முடிந்ததும் கேட்டாள்.

"அந்தக் கிழவன் யாருன்னு தெரியலையா உங்களுக்கு?"

"எனக்கு எப்படித் தெரியும்? அவன் மீசை வேற மாதிரி இருந்துச்சு."

"மீசையை மாத்தினதே ஆபீஸ்ல சொன்னதாலதான். இல்லேன்னா நீங்க கேஸ் போடுவீங்கன்னு."

நான் உட்கார்ந்தேன். சாக்கைத் திறந்து காட்டு. போன தடவை சீட்டு எங்கே. ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒன்றுகூட அவள் இட்டுக்கட்டியதில்லை. இருபது தடவை நேருக்கு நேர் நின்றிருக்கிறேன், எந்தச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேனோ.

"அவனை நல்லவனாத்தான்பா செஞ்சேன்" என்றாள். "அந்தத் துறைமுகத்துல எல்லாரும் எவ்வளவு வேணும்னாலும் ஏத்திட்டுப் போன்னுதான் சொல்லுவாங்க. அவன் ஒருத்தன்தான் நிறுத்துவான். நிறுத்தலைன்னா படகு முழுகிடும். இதுவரைக்கும் ஆடிப் பார்த்தவங்களுக்கெல்லாம் அவனைத்தான்பா ரொம்பப் பிடிச்சிருக்கு. உங்களுக்கு மட்டும்தான் பிடிக்கல."

நான் விதியைச் சொன்னேன். நீ வந்து சாட்சி சொல்ல வேண்டும், அப்படி ஓர் ஆள் இருக்கிறான் என்று சொல்ல வேண்டும் என்றேன். உண்மையைச் சொல்லலாமா என்று கேட்டாள். உண்மையைத்தான் சொல்ல வேண்டும் என்றேன். முழுசாவா என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் தலையாட்டினேன்.

வியாழக்கிழமை விசாரணை. மரியாதை கெட்ட, சந்தேகப் பிராணியான கிழவன் ஒருவன் உலகத்தில் இருக்கிறானா என்பது பொருள். மணி அடித்தார்கள். தலைவர் அதே வாக்கியத்தைத் திருத்தமாகப் படித்து, அப்படி ஒருவரை உங்களுக்குத் தெரியுமா என்று என் மகளைக் கேட்டார்.

"தெரியும். இதோ உக்காந்திருக்கார்."

பிறகு நாற்பது நிமிஷம் பேசினாள். நான் கடையிலிருந்து வாங்கிவந்த அரிசியை வீட்டில் திரும்ப எடை போட்டுப் பார்ப்பதில் தொடங்கினாள். பள்ளிக்கூடத்தில் கணக்குக்குத் தொண்ணூற்றாறு வாங்கி வந்த அன்றைக்கு, மீதி நாலை யாரிடம் கொடுத்தாய் என்று நான் கேட்டதைச் சொன்னாள். டாக்டரிடம் போய் அவருடைய காய்ச்சல் மானி சரியாக இருக்கிறதா என்று கேட்டது. பெண் பார்க்க வந்தவர்களிடம், நீங்கள்தான் மாப்பிள்ளையின் அப்பா என்று எதில் இருக்கிறது என்று கேட்டது. அவர்கள் காப்பியை வைத்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு வந்தவர்கள் வாசலிலேயே அடையாள அட்டையை எடுத்து நீட்டியது. அவள் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஏற்றுகிற ஒவ்வொரு பாட்டிலையும் வாங்கித் தேதி பார்த்துவிட்டுத்தான் மாட்டவிட்டேன் என்பதையும் சொன்னாள். அதைச் சொல்லும்போது மட்டும் என்னைப் பார்த்தாள். பழைய பாட்டில் இரண்டைக் கண்டுபிடித்தார் என்றாள்.

உறுப்பினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மிகை என்றார் மூழ்கல். பாத்திரம் நம்பும்படியாக இல்லை என்றார் முதல் பாகம். ஒரு மனிதன் இப்படி இருக்க வாய்ப்பில்லை என்று தலைவரும் வருத்தத்தோடு சொல்லி, பேனாவை எடுத்தார். கோரிக்கையை நிராகரிக்கப் போகிறார். மகள் முகம் வெளுத்துவிட்டது.

நான் திட்டம் போட்டு ஒன்றும் செய்யவில்லை. அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. ஒரு காகிதத்தில் ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார், என் மகளின் மூன்று வருஷ உழைப்பு அந்தக் காகிதத்தில் இருக்கிறது. என் வாய் தானாகவே திறந்தது.

"ஒரு நிமிஷம். நீங்கதான் தலைவர்னு எதுல இருக்கு?"

தலைவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் சட்டைப் பையைத் தடவினார். பிறகு மேஜை இழுப்பறை. பேர்ப் பலகை இருக்கிறதே என்றார். பலகையை யாரும் செய்து வைத்துக்கொள்ளலாம் என்றேன். நியமன உத்தரவு எங்கே? முதல் தலைவர் போன பிறகு, மூத்தவர் என்ற முறையில் தானே வந்து உட்கார்ந்ததாகச் சொன்னார். பதினோரு வருஷமாம். யார் கேட்டது? யாரும் கேட்கவில்லை. மற்ற ஆறு பேரின் உத்தரவு எங்கே என்றேன். ஆறு பேரும் ஒரே நேரத்தில் பையைத் தடவினார்கள். சாப்பிடக் கொடுத்த பிஸ்கட்டுக்கு ரசீது இருந்தது. அதைத்தான் முதல் பாகம் எடுத்து நீட்டினார்.

கீழே துளைக்கிற சத்தம் நின்றிருந்தது. மூழ்கல் மெதுவாக என்னைக் காட்டி, இருக்கிறான் என்றார். இருக்கிறான், ஐயா, எழுதிவிடுங்கள், இவனை அனுப்பிவிடலாம் என்றார். ரூல் அம்மா ஏற்கெனவே எழுதி வைத்திருந்தார்.

'மரியாதை கெட்ட, சந்தேகப் பிராணியான கிழவன் ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்று மன்றம் ஏகமனதாகத் தீர்மானிக்கிறது. பொது ஆளின் விமர்சனம் உண்மைக்கு மாறானது. ஐந்து செல்லாது.'

மீதி ஏழு பேரின் சராசரி எண்பத்தொன்பது. மகள் அங்கேயே முதலாளிக்குப் போன் செய்தாள். முதலாளி எப்போதுமே தனக்கு இந்தக் குழுமேல் நம்பிக்கை இருந்தது என்றாராம். அடுத்த கேமுக்குத் தொண்ணூறு வேண்டுமாம்.

வாசலில் மாட்டியிருந்த என் படத்தைக் கழற்றி என்னிடமே கொடுத்தார்கள். நாற்காலி போனது. ரத்தான ஆவணத்தை எழுதியவரிடமே ஒப்படைக்க வேண்டும் என்று ஒரு விதி இருந்ததால், என் விமர்சனத்தையும் திருப்பித் தந்தார்கள். நாலு பக்கத்திலும் குறுக்கே சிவப்பில் 'ரத்து' என்று முத்திரை. அந்த முத்திரை மட்டும் நன்றாக விழுந்திருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் எனக்கு, பக்கத்தில் மகள். இரண்டு டிக்கெட் எடுத்தேன். அவள் அந்தத் தாள்களைக் கேட்டாள். அதில் என்ன இருக்கிறது, செல்லாத காகிதம் என்றேன். கையை நீட்டியபடியே இருந்தாள், கொடுத்தேன். சின்னக் கட்டத்தில் வந்த அந்த ஒரு வரியைத் தவிர அவள் எதையும் படித்ததில்லை.

கிழவன் பத்தியைத் தாண்டிவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனாள். அங்கே படகைப் பற்றி எழுதியிருந்தேன். சரக்கை ஒரு பக்கமாகக் கூட்டி வைத்தால் படகு உடனே சாய்வதில்லை, கொஞ்ச நேரம் யோசிக்கிறது, பிறகுதான் சாய்கிறது. காலிப் படகு ஒரு மாதிரி மிதக்கிறது, பாரம் ஏறிய படகு வேறு மாதிரி மிதக்கிறது. இதைச் செய்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் எடை என்றால் என்னவென்று கையால் தெரிந்தவர், முப்பத்தெட்டு வருஷத்தில் என்னோடு வேலை பார்த்த யாருக்கும் இவ்வளவு தெரியாது என்று எழுதியிருந்தேன். ஆள் தெரியாததால்தான் இவ்வளவு எழுதினேன். தெரிந்திருந்தால் பாதியில் நிறுத்தியிருப்பேன்.

அவள் சிவப்பு எழுத்துக்கு நடுவில் விரலை வைத்து வரிவரியாகப் படித்தாள். பக்கத்தைத் திருப்பினாள். திரும்ப முதலிலிருந்து படித்தாள்.

நாங்கள் இறங்க வேண்டிய நிறுத்தம் வந்தது. பஸ் நின்றது, கிளம்பியது. எங்கள் டிக்கெட் அதுவரைக்கும்தான். கண்டக்டர் பக்கத்தில் வந்தபோது நான் ஜன்னல் பக்கம் திரும்பி வானத்தைப் பார்த்துக்கொண்டேன்.